“ஹைப்போ போடுங்க”ன்னு சொன்னதுல வந்த வினை: ஒரு சம்ப், ரெண்டு கெமிக்கல், ஒரே பேரு

இதை எழுதுறவன் ஒரு மேல்நிலைப் பள்ளி கெமிஸ்ட்ரி வாத்தியார். கீழ வர்ற சம்பவத்துல முதல் தப்பு என்னோடதுதான், அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா படிக்கிறவங்க வாட்ச்மேன் மேலயும் ஹவுஸ்கீப்பிங் அக்கா மேலயும் பழியைப் போட்டுட்டுப் போயிடுவீங்க. ஆளுங்க பேரு, அப்பார்ட்மென்ட் பேரு எதுவும் இதுல இருக்காது.

பின்னணி

சென்னைப் புறநகர்ல 42 வீடு இருக்கிற அப்பார்ட்மென்ட், நானும் அங்கதான் குடியிருக்கேன். கீழ ஒரு சம்ப், 60 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். போர் தண்ணி பத்தாது, லாரி தண்ணியும் சேர்ந்து அதுலதான் விழும், அங்கருந்து மோட்டார்ல மேல் டேங்குக்குப் போகும். பக்கத்துலயே கழிவு நீரைச் சுத்தம் பண்ற எஸ்டிபி. அதை ஒட்டி ஒரு சின்ன ரூம், அதுலதான் ப்ளீச்சிங் பவுடர் மூட்டை, பினாயில், பாத்ரூம் கழுவுற ஆசிட் கேன், அப்புறம் 35 லிட்டர் நீலக் கேன் ஒண்ணு, அதுல கறுப்பு மார்க்கர்ல “ஹைப்போ”ன்னு மட்டும் எழுதியிருக்கும். ஆசிட் கேனும் அதே சைஸ், அதே நீலம்.

இந்த “ஹைப்போ”ங்கற பேரைப் பத்தி இங்கயே சொல்லிடணும், கதையே அதுலதான் இருக்கு.

கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்கும் பழைய ஸ்டூடியோக்காரங்களுக்கும் ஹைப்போன்னா சோடியம் தயோசல்பேட். ரெண்டு சோடியம், ரெண்டு சல்ஃபர், மூணு ஆக்சிஜன், கூடவே அஞ்சு தண்ணி மூலக்கூறு ஒட்டின கல்லு, பார்க்க கல்கண்டு மாதிரி இருக்கும், 48 டிகிரி சூட்டுல தன் தண்ணிலயே உருகிடும். 1819-ல ஜான் ஹெர்ஷல் இது வெள்ளி உப்பைக் கரைக்கும்னு கண்டுபிடிச்சார், பின்னாடி போட்டோகிராஃபி வந்தப்போ படத்தை நிலைநிறுத்த இதையே பயன்படுத்தினாங்க, அப்போ இதுக்குப் பேரு ஹைப்போசல்பைட் ஆஃப் சோடா, அதைச் சுருக்கித்தான் ஹைப்போ. அந்தப் பேரு கெமிஸ்ட்ரில செத்து எத்தனையோ காலம் ஆச்சு, சுருக்கம் மட்டும் லேப்ல உசுரோட இருக்கு. நாங்க காலேஜ்ல அயோடின் டைட்ரேஷன் (சொட்டு சொட்டா விட்டு அளவு பார்க்கிறது) பண்ணும்போது ப்யூரெட்ங்கற அளவுக் குழாய்ல இருந்தது இதுதான், ஸ்டார்ச் போட்ட கருநீலம் ஒரு சொட்டுல பட்டுன்னு காணாமப் போகும். குளோரினையும் இது அதே மாதிரி சாப்பிட்டுடும், மீன் தொட்டிக்காரங்க தண்ணி மாத்தும்போது போடற கல்லு இதேதான்.

ஹவுஸ்கீப்பிங்காரங்களுக்கு ஹைப்போன்னா சோடியம் ஹைப்போகுளோரைட். ஒரு சோடியம், ஒரு ஆக்சிஜன், ஒரு குளோரின், என்-ஏ-ஓ-சி-எல். லேசா பச்சை கலந்த மஞ்சள்ல இருக்கிற தண்ணி. 2020 கொரோனா நேரத்துல தெருத்தெருவா தெளிச்சாங்களே, அதுதான்.

ஒண்ணு குளோரினைத் தீர்க்கும், இன்னொண்ணு குளோரினைக் கொட்டும். ரெண்டுக்கும் ஒரே செல்லப் பேரு.

வெள்ளிக்கிழமை சாயந்திரம்

நவம்பர் மழை. சம்ப் மூடி வழியா தெருத்தண்ணி கொஞ்சம் உள்ள இறங்கி, தண்ணி கலங்கிடுச்சு. ரெண்டு லாரி தண்ணி விட்டு, செக்ரட்டரி சார் (பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர், ரொம்ப பொறுப்பானவர்) வாட்ச்மேன்கிட்ட “ப்ளீச்சிங் போட்டுடுப்பா”ன்னு சொல்லியிருக்கார். எவ்ளோன்னு சொல்லல. வாட்ச்மேன் ரெண்டு கிலோ கவர் ஒண்ணைப் பிரிச்சு அப்படியே கொட்டிட்டார்.

கணக்கு போட்டுப் பார்த்தா, நல்ல ப்ளீச்சிங் பவுடர்ல எடைல முப்பது சதவீதத்துக்கு மேல குளோரின் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் போட்டா லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் வரும், அது போதும். அதாவது முழு சம்ப்புக்கே கால் கிலோ கூட வேண்டாம். இங்க விழுந்தது எட்டு மடங்கு.

சனிக்கிழமை காலை

6.30-க்கு மோட்டார் போட்டாங்க. 7 மணிக்கெல்லாம் குழாய்ல நீச்சல் குளம் வாசனைன்னு கம்ப்ளெயின்ட். 7.40-க்கு செக்ரட்டரி எனக்கு போன் பண்ணார், நான் ஊருக்குப் போற பஸ்ல இருந்தேன், பக்கத்து சீட்ல ஒரு குழந்தை அழுதுட்டு இருக்கு, சிக்னல் வேற விட்டு விட்டு வருது.

“சார், ப்ளீச்சிங் ஜாஸ்தியாயிடுச்சு, என்ன பண்றது?”

“பயப்படாதீங்க சார், கொஞ்சம் ஹைப்போ போட்டா குளோரின் போயிடும்.”

“அது நம்மகிட்டயே இருக்கே சார்!”ன்னார். எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். அப்பார்ட்மென்ட்ல எதுக்கு தயோசல்பேட் இருக்கப் போகுது? ஆனா சரி, யாரோ மீன் வளர்க்கிறவங்க வீட்ல இருக்கும்போலன்னு நானே ஒரு காரணம் நெனச்சுக்கிட்டு போனை வெச்சுட்டேன். அளவு கூட சொல்லல. வாட்ச்மேன்கிட்ட அவர் அளவு சொல்லாம விட்டதும் இதுவும் ஒரே தப்புதான், அவராவது கெமிஸ்ட்ரி வாத்தியார் இல்ல.

8.15-க்கு ஹவுஸ்கீப்பிங் அக்கா நீலக் கேனைச் சாய்ச்சு ஒரு பக்கெட் நிறைய, பத்து லிட்டர், சம்ப்ல ஊத்தியிருக்காங்க. கையில கிளவுஸ் இல்ல, கண்ணுக்குக் கண்ணாடி இல்ல. பக்கெட்ல இருந்து தெறிச்சது அவங்க கத்தரிப்பூ கலர் புடவைல அங்கங்க பட்டு, ஒரு மணி நேரத்துல அந்த இடமெல்லாம் வெளிர் ஆரஞ்சாயிடுச்சு. அதைப் பார்த்து யாராவது ஒருத்தர் யோசிச்சிருக்கலாம், யோசிக்கல.

9 மணிக்கு மறுபடி மோட்டார். 9.30-லருந்து குரூப்ல மெசேஜ் வரிசையா வர ஆரம்பிச்சுது, குளிச்ச பையனுக்குக் கண்ணு செவந்துடுச்சு, தலை துவட்டின துண்டு வெளுத்துப் போச்சு, கிரவுண்ட் ஃப்ளோர்ல வீசிங் இருக்கிற பாட்டிக்கு மூச்சு இழுக்குது. அக்காவுக்கும் விடாம இருமல்.

10.15

செக்ரட்டரி மறுபடி போன் பண்ணார். “சார், குறையவே இல்ல, இன்னும் ஒரு பக்கெட் ஹைப்போ ஊத்தவா?”

பக்கெட்னதும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. “ஊத்தவா? அது கல்லா இல்ல இருக்கும்? வெள்ளையா, கல்கண்டு மாதிரி?”

“கல்லா? இல்லயே சார், தண்ணிதான். லேசா மஞ்சளா இருக்கு.”

நான் எதுவும் சொல்றதுக்குள்ள பின்னாடி பிளம்பர் தம்பி குரல் கேக்குது: “சார், ப்ளீச்சிங் காரம்தானே, ரெண்டு லிட்டர் ஆசிட் விட்டா சமமாயிடும்.”

பஸ்ல எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஆசிட் கேனை ரூம்லருந்து வெளிய எடுத்துட்டுப் போங்க, சம்ப் பக்கமே வரக் கூடாதுன்னு. அந்தத் தம்பி சொன்னதுல பாதி உண்மை இருக்கு, அதுதான் ஆபத்து. ஹைப்போகுளோரைட் கரைசல் காரம்தான், பிஹெச் 11-க்கு மேல. அமிலமும் காரமும் சேர்ந்தா உப்பும் தண்ணியும்னு நாங்கதான் பத்தாவதுல சொல்லிக் குடுக்கிறோம். ஆனா இதுல அந்த பாத்ரூம் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், விழுந்தா உப்பு, தண்ணி, கூடவே குளோரின் வாயு. காத்தை விட ரெண்டரை மடங்கு கனம், மேல போகாது, கீழயே தேங்கும். சம்ப்ல கலந்து கிடக்கிறதை விட மோசம், அவசரத்துல யாராவது அந்த ரூம்லயே ஒரே பக்கெட்ல ரெண்டையும் ஊத்தறது. காத்துல பத்து லட்சத்துல பத்து பங்கு குளோரின் இருந்தாலே உசுருக்கு உடனடி ஆபத்துன்னு கணக்கு, ஜன்னல் இல்லாத சின்ன ரூம்ல அந்த அளவு வர ஆசிட் ஒரு கப் கூட வேண்டாம்.

மேல்மருவத்தூர் தாண்டியிருந்தேன், அடுத்த ஸ்டாப்புல இறங்கி எதிர் பஸ் பிடிச்சேன்.

போன்லயே எடுத்த முடிவுகள்

மோட்டார் ஆஃப், மேல் டேங்க் வால்வ் எல்லாம் அடைக்கணும், எந்த வீட்லயும் குழாய் திறக்கக் கூடாது. சம்ப் மூடியைத் திறந்து விட்டு நாலு பக்கமும் கயிறு கட்டணும், யாரும் குனிஞ்சு எட்டிப் பார்க்கக் கூடாது. பாட்டியையும் அக்காவையும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், போகும்போது நீலக் கேனை போட்டோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டணும், “ஹைப்போ”ன்னு வாயால சொல்லக் கூடாது, “சோடியம் ஹைப்போகுளோரைட், ப்ளீச்”னு சொல்லணும். கண்ணு எரியற எல்லாரும் கேன் தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவணும்.

ஆஸ்பத்திரில பாட்டிக்கு நெபுலைசர் வெச்சாங்க, ரெண்டு பேரையும் சாயந்திரம் வரைக்கும் வெச்சுப் பார்த்துட்டு அனுப்பிட்டாங்க. அக்காவுக்கு இருமல் மூணு நாள் இருந்துச்சு.

தண்ணியைத் தெருக் கால்வாய்ல தெறந்து விட்டுடலாம்னு நிறைய பேர் சொன்னாங்க. வேண்டாம்னு சொன்னேன், அந்தக் கால்வாய் நேரா ஏரிக்குப் போகுது, இந்த அளவு குளோரின்ல மீன் ஒண்ணு மிஞ்சாது. எஸ்டிபிக்கு விட்டாலும் வம்புதான், அதுல வேலை பண்றதே பாக்டீரியா, அதைக் கொன்னுட்டா அடுத்த ரெண்டு வாரம் நாத்தம் தாங்க முடியாது. அதனால முதல்ல குளோரினைத் தீர்த்துட்டு அப்புறம் வெளியேத்தறதுன்னு முடிவு.

அளந்து பார்த்தது

மதியம் வந்து சேர்ந்ததும் ஸ்கூல் லேப்லருந்து குளோரோஸ்கோப் கிட்டை (தண்ணில குளோரின் எவ்ளோன்னு கலர் வெச்சுப் பார்க்கிறது) எடுத்துட்டு வந்தேன். டியூப்ல சம்ப் தண்ணி எடுத்து ஆர்த்தோடொலுடின் சொட்டு விட்டா சாதாரணமா எலுமிச்சை மஞ்சள் வரும், இங்க விட்ட வேகத்துல செங்கல் கலர். கிட்டோட ஸ்கேல் 3 வரைக்கும்தான். அதனால ஒரு பங்கு சம்ப் தண்ணிக்கு ஒன்பது பங்கு ஆர்ஓ கேன் தண்ணி சேர்த்து மறுபடி பார்த்தேன், 2 வந்துச்சு. அப்போ சம்ப்ல லிட்டருக்கு 20 மில்லிகிராம். குடிதண்ணிக்கான இந்தியத் தரம் கேக்கறது குறைஞ்சது 0.2, வேற வழி இல்லன்னா 1 வரைக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட மேல் வரம்பு 5.

கணக்கும் ஒத்துப்போச்சு. பவுடர்ல 600 கிராம் குளோரின், கேன்ல பத்து சதவீதம்னு வெச்சா இன்னொரு கிலோ, மொத்தத் தண்ணி 55 ஆயிரம் லிட்டர், அப்படின்னா 29 வரணும். கேன் பழசு, வெயில்ல நின்னா ஹைப்போகுளோரைட் தானாவே சத்து எறங்கிடும், கலங்கல் தண்ணியும் கொஞ்சம் குடிச்சிருக்கும். 20 நியாயமான நம்பர்தான்.

ஞாயித்துக்கிழமை: நிஜ ஹைப்போ

லேப் கெமிக்கல் கடை எதுவும் திறக்கல. கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் கடைங்க ஞாயித்துக்கிழமைதான் களைகட்டும், அங்க போய் அஞ்சு கிலோ கேட்டேன். “தயோசல்பேட் இருக்கா அண்ணே?”ன்னா முழிக்கறார். “ஆன்ட்டி குளோரின் கல்லு”ன்னதும் சாக்கைத் திறந்து காட்டினார். கையில எடுத்து, கல்லுதானான்னு பார்த்து, மோந்து (வாசனை இல்ல), கொஞ்சத்தைத் தண்ணில கரைச்சு அதுல அயோடின் டிஞ்சர் ஒரு சொட்டு விட்டேன், பழுப்பு அப்படியே மறைஞ்சுது. இந்தத் தடவை பேரை நம்பறதா இல்ல.

இங்க ஒரு எச்சரிக்கை. பதினொண்ணாவது, பன்னெண்டாவதுல தயோசல்பேட்ல ஆசிட் விட்டு, கந்தகம் படிஞ்சு கீழ வெச்ச எக்ஸ் மார்க் மறையற எக்ஸ்பெரிமென்ட் எல்லாரும் பண்ணியிருப்பீங்க. அதே மாதிரி “ஆசிட் விட்டுப் பார்த்துக்கலாம்”னு தெரியாத கேன்ல விட்டுடாதீங்க. அது இன்னொரு ஹைப்போவா இருந்தா குளோரின் மூஞ்சில அடிக்கும்.

புத்தகக் கணக்குல ஒரு கிராம் குளோரினுக்கு ஒரு கிராமுக்கும் கம்மியா இந்தக் கல்லு போதும்னும் வரும், ஏழு கிராம் வேணும்னும் வரும், வினை முழுசா சல்பேட் வரைக்கும் போகுதா, பாதி வழில டெட்ராதயோனேட்லயே நின்னுடுதாங்கறதைப் பொறுத்து. அதனால புத்தகத்தை மூடிட்டு ஜார் டெஸ்ட் பண்ணேன். பத்து கிராம் கல்லை ஒரு லிட்டர்ல கரைச்சு, அதை சிரிஞ்ச்ல எடுத்து ஒரு லிட்டர் சம்ப் தண்ணில மில்லி மில்லியா விட்டு, ஒவ்வொரு தடவையும் கலர் பார்த்தோம். அஞ்சாவது மில்லில டியூப் வெறும் தண்ணி மாதிரி ஆயிடுச்சு. செக்ரட்டரி சார் பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணையும் நோட்ல எழுதிக்கிட்டார். அஞ்சு மில்லின்னா 50 மில்லிகிராம், 55 ஆயிரம் லிட்டருக்கு ரெண்டே முக்கால் கிலோ.

மேல் டேங்க் தண்ணியையும் ஹோஸ் போட்டு சம்ப்புக்கே இறக்கிட்டு, ஒரு கிலோ, ஒரு கிலோ, முக்கால் கிலோன்னு மூணு தடவையா பக்கெட்ல கரைச்சு ஊத்தி, நடுவுல அரை மணி நேரம் மோட்டாரைச் சுத்த விட்டோம். கடைசி ரீடிங் 0.2-க்குக் கீழ. அதுக்கப்புறம் அந்தத் தண்ணியைக் குடிக்கவும் குளிக்கவும் விடல, மீன் தொட்டிக் கல்லு என்ன சுத்தத்துல வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமா எஸ்டிபிக்கு விட்டோம், அதுல காத்து ஊதற ஏரேஷன் டேங்க்ல நுரையும் வாசனையும் வழக்கம்போலவே இருந்துச்சு. சம்ப்பைக் கழுவி, அஞ்சு லாரி தண்ணி, 240 கிராம் ப்ளீச்சிங் பவுடர் தராசுல நிறுத்துப் போட்டு, அரை மணி கழிச்சுப் பார்த்தா 0.6. திங்கக்கிழமை காலைலதான் குழாய் திறந்துச்சு.

ஏன் இப்படி ஆச்சு

அளவு சொல்லாதது, கிளவுஸ் இல்லாதது, ஒரே கலர் கேன், இதெல்லாம் யாருக்கும் புரியும். எனக்கு உறுத்தறது பேருதான்.

ஹைப்போங்கறது ஒரு பொருளோட பேரே இல்ல, ஒரு முன்னொட்டு, “கீழ”ன்னு அர்த்தம். ஹைப்போகுளோரைட், குளோரைட், குளோரேட், பெர்குளோரேட்னு ஆக்சிஜன் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு ஏறும், ஆக்சிஜனே இல்லாதது குளோரைடு. தமிழ்ல எழுதும்போது இன்னொரு சிக்கல், நம்ம எழுத்துல குளோரைடு சாப்பாட்டு உப்பு, குளோரைட் வேற ஆளு, நடுவுல இருக்கிறது ஒரு உகரம் மட்டும். பேச்சுல அந்த உகரமும் போயிடும், டைப் பண்றவங்க ரெண்டையும் “குளோரைட்”னே எழுதறாங்க. எங்க ரூம் பில்லுல “சோடியம் ஹைப்போ குளோரைடு”ன்னுதான் இருந்துச்சு. சல்பைட், சல்பேட், நைட்ரைட், நைட்ரேட்டும் இதே கதை. சோடியம் நைட்ரைட் ரத்தத்துல ஆக்சிஜன் தூக்கற வேலையையே கெடுக்கும், ஒரு “ஐ”க்கும் “ஏ”க்கும் நடுவுல அவ்ளோ தூரம். பேரியம் சல்பேட்டை எக்ஸ்ரேக்கு முன்னாடி டம்ளர்ல குடிக்கக் குடுக்கறாங்க, பேரியம் கார்பனேட் எலி மருந்து.

வீட்டுப் பேருங்க மட்டும் என்னவாம். “சோடா எடு”ன்னா ஆப்ப சோடாவா, சலவை சோடாவா, காஸ்டிக் சோடாவா? முதல்லது வயித்துக்குள்ள போகலாம், கடைசிது தோலைக் கரைச்சுடும். மயில்துத்தமும் பால்துத்தமும் ரெண்டுமே “துத்தம்”, ஒண்ணு காப்பர் சல்பேட், ஒண்ணு சிங்க் சல்பேட்.

என்ன மாத்தினோம், எது இன்னும் மாறல

கெமிக்கல் ரூம்ல இப்போ ஆசிட் கிடையாது, அது எதிர்ப் பக்கம் மாடிப்படிக்குக் கீழ சிவப்பு டிரம்ல. ஒவ்வொரு கேன்லயும் தமிழ்ல முழுப் பேரு, ஃபார்முலா, எதோட சேரக் கூடாதுங்கறது, வாங்கின தேதி. ஆபத்தான கெமிக்கலை அடையாளம் காட்டற யூஎன் நம்பரும் எழுதினேன், ஹைப்போகுளோரைட் கரைசல் 1791, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 1789. எழுதும்போதுதான் கவனிச்சேன், இங்கயும் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. அதனால நம்பரை மட்டும் நம்பாம கலரையும் மாத்தினோம்.

அக்காவுக்கு கிளவுஸ், கண்ணாடி, 50 மில்லி அளவு கப் வாங்கிக் குடுத்தாச்சு. அவங்க என்கிட்ட கேட்டது ஒண்ணுதான்: “சார், நீங்க சொன்ன ஹைப்போதானே நான் ஊத்துனேன்?” ஆமாக்கா, நான் சொன்னதுதான்னு சொன்னேன். புடவைக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க, தீபாவளி போன வாரம்தான் முடிஞ்சிருந்துச்சு, அது புதுப் புடவை.

என் பக்கம், கெமிக்கல் விஷயத்துல போன்ல ஆலோசனை சொல்றதுக்கு முன்னாடி லேபிள் போட்டோ கேக்கறேன், சொல்றதை எழுத்துலயும் அனுப்பறேன், அளவோட. ஸ்கூல் லேப்ல “ஹைப்போ”ன்னு ஒட்டியிருந்த ரெண்டு பாட்டிலைக் கிழிச்சு முழுப் பேரு ஒட்டினேன், பக்கத்து ஷெல்ஃப்ல இருந்த சல்பைட்டையும் சல்பேட்டையும் பிரிச்சு வெச்சேன்.

கேன் சப்ளை பண்றவர்கிட்ட மூணு தடவை சொல்லியாச்சு. போன வாரம் வந்த பில்லுலயும் “ஹைப்போ – 2 கேன்”னுதான் இருக்கு, அதுக்குப் பக்கத்துல செக்ரட்டரி சார் சிவப்பு பேனால “எது?”ன்னு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கார்.